வேலையை விட்டு வந்தவர்கள்: கோகலேயின் ஊழியர் சங்கமும் மலாயாவுக்கு வந்த சாஸ்திரியும்

போன பருவத்தில் படிவம் ஆறு மாணவி ஒருத்தி ஒரு விண்ணப்பத் தாளைக் கொண்டுவந்து காட்டினாள். அவளுக்கு வந்ததல்ல, அவளுடைய அக்காவுக்கு வந்தது. அக்கா வழக்கறிஞர், கை நிறையச் சம்பாதிக்கிறவர். 'விழுமியம் சார்ந்த தலைமைத்துவ ஃபெலோஷிப்' என்று அதில் போட்டிருந்தது. தொழிலில் நல்ல நிலைக்கு வந்தவர்களைத் தேர்ந்தெடுத்து, சமூகச் சிக்கல் ஒன்றைக் கையில் எடுக்கச் சொல்லும் திட்டமாம். மாணவி கேட்டாள்: "ஏற்கனவே நல்லா இருக்கறவங்களுக்கு எதுக்கு சார் இது? படிக்க வசதியில்லாதவங்களுக்குத்தானே கொடுக்கணும்?"

நியாயமான கேள்விதான். அன்றைக்கு எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. யோசித்துப் பார்த்தபோது, இதற்கான பதில் நம்முடைய மலாயா வரலாற்றுப் பாடத்துக்குள்ளேயே கிடப்பது தெரிந்தது. கங்காணி முறை, தோட்டத் தொழிலாளர் ஊதியம், 1938ஆம் ஆண்டுத் தடை என்று படிக்கும்போது 'சாஸ்திரி அறிக்கை' என ஒரு வரி வருமே, அந்த வரிக்குப் பின்னால்தான்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ஃபெலோஷிப் என்றால் நாம் உடனே பணத்தை நினைக்கிறோம். 'நல்கை' என்று தமிழாக்குவதும் அதனால்தான். பல்கலைக்கழகம் மாதா மாதம் கொடுக்கும் ஆய்வுப் பணத்துக்கு அந்தச் சொல் பொருந்தும். ஆனால் அந்த ஆங்கிலச் சொல்லின் பழைய பொருள் கூட்டாளித்தனம், தோழமை. ஒரு நோக்கத்துக்காகச் சேர்ந்து உட்காரும் சிலர். இந்தக் கட்டுரையில் வருவது இந்த இரண்டாவது பொருள். பணம் இங்கே வருவதைவிடப் போவதுதான் அதிகம்.

இன்றைய வடிவத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் ஆஸ்பென் என்று ஒரு மலையூர். ஒரு காலத்தில் வெள்ளிச் சுரங்கத்தால் வாழ்ந்து பிறகு நொடித்துப்போன ஊர். சிகாகோ தொழிலதிபர் வால்டர் பெப்கே 1949இல் ஜெர்மானியக் கவிஞர் கோதேயின் 200ஆம் பிறந்தநாளை அங்கே கொண்டாடினார். ஆப்பிரிக்காவில் மருத்துவம் செய்துகொண்டிருந்த ஆல்பர்ட் ஷ்வைட்சர் அதற்காக வந்து பேசினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் ஆஸ்பென் நிறுவனம். கம்பெனி நிர்வாகிகளை மேசையைச் சுற்றி உட்காரவைத்து, பிளேட்டோ முதலியோரைப் படிக்கவைத்து, 'நீ நல்லது என்று எதை நினைக்கிறாய்?' என்று கேட்கும் பழக்கம் அங்கே ஏற்பட்டது. 1997இல் ஹென்றி கிரௌன் ஃபெலோஷிப் என்ற பெயரில் அது முறையான திட்டமானது. ஆண்டுக்கு ஏறக்குறைய 20 பேர், பெரும்பாலும் 30 முதல் 45 வயதுக்குட்பட்டவர்கள். இரண்டு ஆண்டுகளில் நான்கு கருத்தரங்குகள். அதோடு ஒவ்வொருவரும் சமூகத்துக்குப் பயன்படும் ஒரு முயற்சியைத் தொடங்கியாக வேண்டும். வேலையை விட வேண்டியதில்லை. இதே மாதிரியான திட்டங்கள் பின்னர் பல நாடுகளில் வந்தன, இந்தியாவிலும் வந்தது.

இது ஏதோ அமெரிக்கக் கண்டுபிடிப்பு என்று பலர் எழுதுகிறார்கள். அதற்கு 92 ஆண்டுகளுக்கு முன்னால் பூனாவில் ஒரு கணக்கு வாத்தியார் இதைவிடக் கடுமையான ஒன்றைத் தொடங்கிவிட்டார்.

கணக்கு வாத்தியார் என்று நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. கோபால கிருஷ்ண கோகலே (1866-1915) பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு கணக்குப் புத்தகம் எழுதியவர். பெர்கூசன் கல்லூரியில் கணக்கு மட்டுமல்லாமல் ஆங்கிலம், வரலாறு, பொருளாதாரம் எல்லாம் நடத்தினார். ஆள் இல்லாத பாடத்துக்கெல்லாம் இவரைக் கூப்பிட்டிருப்பார்கள் போலிருக்கிறது. நம் தோட்டப் பள்ளி ஆசிரியர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது!

அந்தக் கல்லூரியை நடத்திய தக்காணக் கல்விக் கழகம் 1884இல் தோன்றியது. அதில் ஆயுள் உறுப்பினராகச் சேருகிறவர்கள் மாதம் 75 ரூபாய் சம்பளத்தில் 20 ஆண்டுகள் கற்பிப்பதாக வாக்குக் கொடுக்க வேண்டும். பட்டதாரிகள் அரசாங்க உத்தியோகத்துக்குப் போனால் அதைப்போல் பல மடங்கு கிடைத்த காலம் அது. கோகலே அந்த வாக்கைக் கொடுத்துக் காப்பாற்றி, 1902இல் கல்லூரியை விட்டார். நல்ல வருமானத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சிலர் சேர்ந்தால் ஒரு கல்லூரியையே நடத்த முடியும் என்பதை அவர் உள்ளிருந்தே பார்த்தவர். அப்படியானால் ஒரு நாட்டின் பொதுவாழ்க்கையையும் அதே முறையில் நடத்த முடியுமா என்பதுதான் அவருக்கு அடுத்து வந்த கேள்வி.

அந்தக் காலத்துப் பொதுவாழ்க்கை எப்படி இருந்தது? காங்கிரஸ் மகாசபை ஆண்டுக்கு ஒரு முறை, டிசம்பர் விடுமுறையில் கூடும். வழக்கறிஞர்கள் கோர்ட்டு மூடியிருக்கும் நாளில் வந்து பேசுவார்கள், தீர்மானம் போடுவார்கள், ஜனவரியில் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். மீதி 51 வாரங்களுக்கு நாட்டு வேலையைப் பார்க்க ஆள் இல்லை. கோகலே இதை ஒழுக்கக் குறைவாகப் பார்க்கவில்லை, நேரமின்மையாகத்தான் பார்த்தார். பொதுப்பணி என்பது ஓய்வுநேர வேலையாக இருக்கிறவரைக்கும் யாரும் ஒரு சிக்கலை ஆழமாகப் படிக்க மாட்டார்கள். படிக்காமல் பேசினால் ஆட்சியாளன் ஒரே புள்ளிவிவரத்தில் வாயடைத்துவிடுவான். 1902இல் பேரரசுச் சட்டமன்றத்தில் வரவுசெலவுத் திட்டத்தைப் பற்றிப் பேசி வெள்ளைக்கார அதிகாரிகளை நிமிர்ந்து உட்காரவைத்தவருக்கு இது நன்றாகத் தெரியும்.

1905 ஜூன் 12 அன்று பூனாவில் இந்திய ஊழியர் சங்கம் பிறந்தது. கோகலே முதலில் தானே ஏழு உறுதிமொழிகளை எடுத்துக்கொண்டு, பிறகு மூன்று பேருக்கு அவற்றைச் செய்துவைத்தார்.

அந்த ஏழையும் என் சொல்லில் தருகிறேன். எண்ணத்தில் நாடுதான் முதலில் இருக்கும், என்னால் முடிந்த சிறந்ததை அதற்குக் கொடுப்பேன். அந்தச் சேவையில் எனக்கென்று ஆதாயம் தேடமாட்டேன். சாதி மத வேறுபாடு பாராமல் இந்தியர் எல்லாரையும் உடன்பிறப்பாகக் கருதி அனைவருடைய உயர்வுக்கும் உழைப்பேன். எனக்கும் குடும்பத்துக்கும் சங்கம் கொடுப்பதே போதும், எனக்காகப் பணம் சம்பாதிக்க என் சக்தியைச் செலவிடமாட்டேன். சொந்த வாழ்க்கையைத் தூய்மையாக வைத்திருப்பேன். யாரோடும் தனிப்பட்ட சண்டை போடமாட்டேன். சங்கத்தின் நோக்கங்களை மறக்கமாட்டேன், அவற்றுக்கு மாறாக எதையும் செய்யமாட்டேன்.

ஆறாவதைக் கொஞ்சம் கவனியுங்க. யாரோடும் தனிப்பட்ட சண்டை இல்லை. படிக்கும்போது இது ஒரு சின்ன விதியாகத் தெரியும். ஆனால் மலாயாவுக்கு வரும்போது இதன் கனம் புரியும்.

உறுதிமொழிக்கு அடுத்தது பயிற்சி. ஐந்து ஆண்டுகள். ஒரு பகுதி பூனாவில் சங்கத்தின் இல்லத்தில் தங்கி நூலகத்தில் படிப்பு: வரலாறு, பொருளாதாரம், அரசாங்க அறிக்கைகள், புள்ளிவிவரம். இன்னொரு பகுதி நாடு முழுவதும் பயணம். 1915இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய காந்திக்கு கோகலே சொன்னதும் இதேதான். ஓராண்டு நாட்டைச் சுற்றிப் பார், அதுவரை எந்தப் பொதுப்பிரச்சினை பற்றியும் பேசாதே என்றார். காந்தியும் ஒப்புக்கொண்டார். அதே ஆண்டு பிப்ரவரியில் கோகலே 48 வயதில் காலமானார். காந்தி சங்கத்தில் சேர விரும்பினார். உறுப்பினர்களிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. இவருடைய வழி வேறு, நம்முடைய வழி வேறு என்று சிலர் தயங்கினார்கள். காந்தியே விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். தேர்வில் கேட்கமாட்டார்கள், ஆனாலும் சுவையான செய்தி, இல்லீங்களா? ஃபெலோஷிப் கிடைக்காமல் போனவர்கள் மனம் தளரும்போது சொல்லிக்கொள்ளலாம்.

இனி, யார் யார் சேர்ந்தார்கள் என்று பார்த்தால்தான் மாணவி கேட்ட கேள்விக்குப் பதில் துலங்கும். அமிர்தலால் விட்டல்தாஸ் தக்கர் சிவில் என்ஜினியர். ஆப்பிரிக்காவில் உகாண்டா ரயில்பாதையில் வேலை பார்த்தவர், பிறகு பம்பாய் நகராட்சியில் பொறியாளர். நகரத்துக் குப்பையை ஏற்றிச்செல்லும் ரயில் வண்டிப் பிரிவில் இருந்தபோது துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்புகளைக் கண்ணால் பார்த்தார். 1914இல், 44 வயதில், உத்தியோகத்தை உதறிவிட்டுச் சங்கத்தில் சேர்ந்தார். 1922இல் பீல் பழங்குடி மக்களுக்காகச் சேவை மண்டலம் தொடங்கினார். மக்கள் அவரைத் தக்கர் பாபா என்றார்கள். நாராயண் மல்ஹார் ஜோஷி பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1909இல் சேர்ந்தார். பம்பாய் ஆலைத் தொழிலாளர் பகுதியில் 1911இல் சமூக சேவைக் கழகம் தொடங்கி இரவுப் பள்ளிகளும் படிப்பகங்களும் நடத்தினார். 1920இல் அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் உருவானதில் முன்னின்றவர் இவர்தான்.

இவர்கள் பயிற்சி இல்லாத இளைஞர்கள் அல்ல. ஒரு தொழிலில் கை தேர்ந்தவர்கள். கோகலேக்கு வேண்டியிருந்தது அந்தக் கைத்தேர்ச்சிதான். ரயில்பாதை போடத் தெரிந்தவனுக்குப் பஞ்ச நிவாரணத்தில் தானியம் கொண்டுபோய்ச் சேர்க்கத் தெரியும். பாடம் நடத்தத் தெரிந்தவனுக்குத் தொழிலாளியிடம் சங்கம் என்றால் என்ன என்று விளக்கத் தெரியும்.

மூன்றாவது ஆள் நமக்கு உரியவர். வலங்கைமான் சங்கரநாராயண சீனிவாச சாஸ்திரி. 1869இல் கும்பகோணத்துக்கு அருகே வலங்கைமானில், ஏழைப் புரோகிதக் குடும்பத்தில் பிறந்தார். (காந்தி, தக்கர், சாஸ்திரி மூன்று பேருக்கும் பிறந்த ஆண்டு ஒன்றே. குறித்துக்கொள்ளுங்கள்.) கும்பகோணத்தில் படித்து, மாயவரத்திலும் சேலத்திலும் ஆசிரியராக இருந்து, சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியரானார். அங்கே இருந்த காலத்தில் இரண்டு காரியங்களில் பங்கெடுத்தார். ஒன்று, சென்னை ஆசிரியர் சங்கத்தின் தோற்றம். இன்னொன்று, 1904இல் தொடங்கிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம். நம்மைப் போன்ற ஓர் ஆசிரியர் சங்கக்காரர்தான், வேறு யாருமில்லை!

1907 ஜனவரியில், 37 வயதில், தலைமையாசிரியர் பதவியை விட்டுவிட்டு ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். குடும்பஸ்தர். சங்கம் கொடுத்த படி மிகச் சிறியது. அவர் வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். எந்த வரலாற்று நூலும் அந்த வீட்டுப் பெண்களைக் கேட்டு எழுதவில்லை. இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். தொடக்க காலத்தில் சங்கத்தில் உறுதிமொழி எடுத்தவர்கள் ஆண்கள்தான். ஆங்கிலம் படித்த மேல்சாதியினரே பெரும்பாலோர். எல்லா இந்தியரையும் உடன்பிறப்பாகக் கருதுவேன் என்று சொன்ன மேசையைச் சுற்றி எல்லா இந்தியரும் உட்கார்ந்திருக்கவில்லை.

கோகலே மறைந்ததும் சாஸ்திரி சங்கத் தலைவரானார். அதன்பிறகு வளர்ச்சி வேகமானது. 1916இல் பேரரசுச் சட்டமன்றம், 1919இல் ரௌலட் மசோதாவை எதிர்த்துப் பேச்சு. ஆங்கிலப் பேச்சில் அவருக்கு இணை இல்லை என்று வெள்ளைக்காரர்களே ஒப்புக்கொண்டார்கள். ஆனால் காந்தியின் ஒத்துழையாமை இயக்கத்தை அவர் ஏற்கவில்லை. சட்டத்துக்குள் நின்று, வாதாடி, மெல்ல மெல்லப் பெறுவதுதான் அவருடைய வழி. 1927இல் இந்திய அரசாங்கத்தின் முதல் ஏஜெண்டாகத் தென்னாப்பிரிக்காவுக்குப் போனார். அங்கே இந்தியப் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் படிப்பும், இந்திய ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் வேண்டும் என்று வாதாடி, வணிகர்களிடம் நன்கொடை திரட்டி, டர்பனில் ஒரு கல்லூரிக்கு வழிசெய்தார். 1929இல் திறந்த அந்தக் கல்லூரிக்குச் சாஸ்திரி கல்லூரி என்றே பெயர். பழைய தலைமையாசிரியர் எங்கே போனாலும் பள்ளிக்கூடம் கட்டாமல் விடவில்லை.

தமிழாசிரியர்கள் மறக்காத இன்னொரு விஷயமும் உண்டு. 1940இல் சென்னை மாகாண அரசு கலைச்சொல்லாக்கத்துக்கு அவர் தலைமையில் ஒரு குழு போட்டபோது, வடமொழிச் சொற்களுக்கு இடம் கொடுத்ததற்காகத் தமிழறிஞர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அது தனிக் கதை. இங்கே வேண்டாம்.

மலாயாவுக்கு வருவோம். முன்கதையைப் பாடநூலில் படித்திருப்பீர்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நம் நாட்டுக்கு நின்றுபோனது. பேரரசு முழுவதும் அதை ஒழிக்க வேண்டும் என்று 1912இல் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தவர் கோகலேதான். அது தோற்கடிக்கப்பட்டது. இங்கே கங்காணி முறை தொடர்ந்தது. 1920களில் தோட்டத் தொழிலாளருக்கு நிர்ணய ஊதியம் வந்தது. 1928இல் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930இல் உலகப் பொருளாதார மந்தம். ரப்பர் விலை விழுந்தது, ஊதியம் வெட்டப்பட்டது, ஆள் எடுப்பது நின்றது, ஆயிரக்கணக்கானோர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பத்தாண்டின் நடுவில் ரப்பர் விலை ஏறத் தொடங்கியதும் தோட்ட முதலாளிகளுக்கு மறுபடி ஆள் தேவைப்பட்டது. அப்போது மலாயாவில் ஆறு லட்சத்துக்கு மேல் இந்தியர் இருந்தார்கள். புதிதாக ஆள் அனுப்பலாமா வேண்டாமா என்று முடிவெடுக்குமுன் ஒருவர் நேரில் போய்ப் பார்த்துவரட்டும் என்று இந்திய அரசாங்கம் நினைத்தது. அந்த ஒருவர் சாஸ்திரி. அப்போது அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர், வயது 67.

1936 டிசம்பரில் வந்தார். பொருத்தமான ஆள் என்றுதான் எவரும் சொல்லியிருப்பார்கள். தஞ்சைப் பக்கத்துத் தமிழர். தொழிலாளியிடம் பேச மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. தனக்கென்று எதையும் தேடமாட்டேன் என்று உறுதிமொழி எடுத்து முப்பது ஆண்டுகள் அதைக் காத்தவர். முதலாளியிடம் விலைபோகிற ஆள் இல்லை. இன்றைய ஃபெலோஷிப் விண்ணப்பத் தாளில் 'விழுமியம்' என்று ஒரு கட்டம் இருந்தால் அதில் அவர் பெயரையே எழுதிவிடலாம்.

சில வாரங்கள் சுற்றிப் பார்த்து எழுதிய அறிக்கை 1937இல் வெளிவந்தது. 1928இன் ஊதியத்தைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்றார். அதே சமயம், இந்தியத் தொழிலாளர் மலாயாவுக்குப் போவதைத் தடுக்க நியாயம் எதுவும் தெரியவில்லை என்றும் எழுதினார்.

இந்த இரண்டாவது முடிவு இங்கே கசந்தது. 1936இல்தான் மலாயா மத்திய இந்தியச் சங்கம் உருவாகியிருந்தது. அறிக்கை நிலைமையை மிக நல்லதாகக் காட்டிவிட்டது என்று அதன் தலைவர்கள் குறை சொன்னார்கள். இந்தியாவிலும் தேசியவாதிகளுக்கு வருத்தம். 1937 நடுவில் நேரு மலாயா வந்தபோது தொழிலாளர்கள் திரண்டு வந்து கேட்டார்கள். அவருடைய பேச்சு வேறு சுருதி.

சாஸ்திரி ஏன் அப்படி எழுதினார்? மாணவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றை எழுதுகிறார்கள்: அவர் வெள்ளைக்காரனுக்கு வேண்டியவர், அல்லது ஏமாற்றப்பட்டார். இரண்டும் சோம்பேறித்தனமான விடை என்பது என் கருத்து. அவர் ஒப்பிட்டது எதோடு என்று பாருங்கள். தஞ்சாவூர்ப் பண்ணையில் கூலியாள் பட்ட பாட்டை அவர் அறிவார். அதோடு வைத்துப் பார்த்தால் மலாயாத் தோட்டத்தில் ரொக்கச் சம்பளம் உண்டு, மருத்துவமனை உண்டு, சட்டம் உண்டு. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923 தொழிலாளர் சட்டம் சொன்னது. அந்தப் பள்ளிகள் பலவற்றில் கிராணியோ கங்காணியோதான் வாத்தியார் என்பது வேறு விஷயம். தென்னாப்பிரிக்காவில் நிறவெறியைக் கண்ணாரக் கண்டுவந்தவருக்கு மலாயா மிதமாகத் தெரிந்திருக்கவும் கூடும்.

இதோடு அந்த ஆறாவது உறுதிமொழியையும் சேர்த்துப் பாருங்கள். யாரோடும் சண்டை வேண்டாம், எதிராளியின் நல்லெண்ணத்தை நம்பு, வாதத்தால் வெல்லு. கோகலே கொடுத்த இந்தப் பயிற்சி சட்டமன்றத்தில் வேலை செய்தது. கேப்டவுனிலும் வேலை செய்தது. அங்கெல்லாம் எதிரில் உட்கார்ந்தவன் மந்திரி, படித்தவன். தோட்டத்தில் எதிரில் நிற்பது யார்? ஒரு பக்கம் துரை, பக்கத்திலேயே கிராணி, பின்னால் கங்காணி. இவர்கள் முன்னிலையில் ஒரு பால்வெட்டுக்காரர், "ஐயா, உங்களுக்கு ஏதும் குறையுண்டா?" என்று கேட்கும் பெரியவரிடம் என்ன சொல்லுவார்? "ஒண்ணும் இல்லீங்க சாமி" என்றுதான் சொல்லுவார். எங்கள் தாத்தா காலத்துக் கதைகளைக் கேட்ட எவருக்கும் இது தெரியும். சாஸ்திரி கேட்ட இடங்களில் இப்படித்தான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஓர் அறிக்கையைப் படிக்கும்போது, கேள்வி கேட்டவர் யார், பக்கத்தில் நின்றவர் யார் என்று கேட்காமல் படிக்கக் கூடாது.

பின்னால் நடந்ததைப் பாருங்கள். ஊதியம் உயர்ந்தது. 1938இல் ரப்பர் விலை சரிந்ததும் மறுபடியும் வெட்டினார்கள். இந்திய அரசாங்கம் 1938 ஜூனில் உதவியுடன் ஆள் அனுப்புவதைத் தடைசெய்தது. கங்காணி வழியாக ஆள் வந்த காலம் அதோடு முடிந்தது. சாஸ்திரி தேவையில்லை என்ற தடை ஒன்றரை ஆண்டுக்குள் வந்துவிட்டது.

1941இல் கிள்ளான். ஆர்.எச்.நாதன் முதலியோர் முன்னின்ற வேலைநிறுத்தம் தோட்டம் தோட்டமாகப் பரவியது. கோரிக்கைப் பட்டியலைப் படித்தால் முதலில் சீனத் தொழிலாளருக்கு நிகரான ஊதியம் வருகிறது. அதற்குப் பிறகு வருவதுதான் என்னை எப்போதும் நிறுத்திவிடும். பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி. நல்ல மருத்துவம். கள்ளுக்கடைகளை மூடு. எங்கள் பெண்களைத் தொந்தரவு செய்யாதே. உறவினர்கள் தோட்டத்துக்குள் வர விடு. துரையையும் கிராணியையும் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழி.

சைக்கிள்! ஊதியக் கணக்கில் எந்தப் பத்தியில் இதை எழுதுவது? 50 காசு கொடுத்தாலும் 60 காசு கொடுத்தாலும் அந்த மனிதன் வழியில் இறங்கித்தான் நிற்க வேண்டும். ஏழு உறுதிமொழி எடுத்த பெரியவரின் அறிக்கையால் ஊதியத்தை அளக்க முடிந்தது. இதை அளக்க, தினமும் சைக்கிளை விட்டு இறங்கியவனே வாயைத் திறக்க வேண்டியிருந்தது. திறந்ததற்கு விலையும் கொடுத்தார்கள். மே மாதம் நாதன் கைதானார், சிலாங்கூரில் அவசரநிலை வந்தது, பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின.

இதனால் ஊழியர் சங்கம் வீண் என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. அதே சங்கத்து ஜோஷிதான் தொழிலாளர் தாங்களே பேசும் அமைப்பை இந்தியாவில் கட்டியவர்களில் ஒருவர். அதே ஏழு உறுதிமொழி, அதே பயிற்சி. ஆனால் ஜோஷி பல ஆண்டுகள் ஆலைப் பகுதியிலேயே கிடந்தார். சாஸ்திரி சில வாரங்கள் வந்து போனார். இரண்டு பேருக்கும் உள்ள வேறுபாட்டை நான் இங்கேதான் பார்க்கிறேன். உங்களுக்கு வேறு கருத்து இருந்தால் எழுதுங்கள்.

மாணவிக்கு நான் பிறகு சொன்ன பதில் இதுதான். நல்ல நிலையில் இருப்பவர்களைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு நியாயம் உண்டு: அவர்களிடம் தொழில் தேர்ச்சி இருக்கிறது, அவர்கள் சொன்னால் அதிகாரம் காது கொடுக்கும். சாஸ்திரி சொன்னதால்தான் 1928 ஊதியம் பற்றிய பேச்சு மேலிடம் வரை போனது. கோகலே அவர்களிடம் வேலையை விடச் சொன்னார். இன்றைய திட்டங்கள் விடச் சொல்வதில்லை. உங்கள் அக்காவும் விட வேண்டியதில்லை. ஆனால் யாருக்காக வேலை செய்யப்போகிறாரோ அவர்களோடு எத்தனை நாள் இருக்கப்போகிறார் என்று கேட்டுப் பார் என்றேன். "கேக்கறேன் சார்" என்றாள். கேட்டாளா தெரியவில்லை. அக்கா விண்ணப்பம் போட்டுவிட்டாராம்.

வகுப்பில் இதை எப்படிப் பயன்படுத்தலாம் என்று ஆசிரியர் நண்பர்களுக்கு ஒரு யோசனை. மாணவர்களை இரண்டு குழுவாகப் பிரியுங்கள். ஒரு குழு சாஸ்திரி: 1936 டிசம்பரில் ஒரு தோட்டத்துக்குப் போகிறார், பத்துக் கேள்விகள் தயாரிக்க வேண்டும். மற்றக் குழு அந்தத் தோட்டத்து லயத்தில் இருப்பவர்கள்: பால் வெட்டும் ஆண், பெண், ஆயாக்கொட்டகைப் பாட்டி, பள்ளிக்குப் போகாத பத்து வயதுப் பையன். முதல் சுற்றில் கிராணி வேடத்தில் ஒரு மாணவர் பக்கத்திலேயே நிற்கட்டும். இரண்டாவது சுற்றில் அவரை வெளியே அனுப்பிவிட்டு அதே கேள்விகளை மறுபடி கேட்கச் சொல்லுங்கள். பதில்களைக் கரும்பலகையில் இரண்டு பத்தியாக எழுதி, அதற்குப் பக்கத்தில் 1941 கோரிக்கைப் பட்டியலை ஒட்டுங்கள். எஸ்.டி.பி.எம். மாணவர்களானால், 'சாஸ்திரி அறிக்கையை ஒரு வரலாற்றுச் சான்றாக மதிப்பிடுக' என்று கட்டுரை கேட்கலாம். எங்கள் பள்ளியில் இரண்டு பாடவேளை ஆயிற்று. கிராணியாக நடித்த பையன், ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, சும்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றான், அவ்வளவுதான். முதல் பத்தியில் பெரும்பாலும் 'குறையில்லை' என்றே எழுத வேண்டியிருந்தது.